பேசாத வயலும் நான்கடிப் பந்தும்

ஜூலை 11, வியாழக்கிழமை. தமிழுக்கு ஆனி 27. என் நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படித் தொடங்குகிறது:

‘4.50 எழுந்தேன். 5.10 காபி. 5.30 முதல் 6.40 வரை களத்தில் நூறு பந்து, நாலடி. விழுந்தது 61. 7.00 பழையது, மோர்மிளகாய். 7.20 அண்ணனோடு வயலுக்கு. நாற்று சுமக்க ஆள் போதவில்லை.’

வருடத்தை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த நோட்டின் அட்டையும் முதல் பக்கங்களும் போய்விட்டன. எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது என்பதும், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போலீஸ் முகாம் இருந்தது என்பதும் நிச்சயம்.

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வரி. நான் கோல்ஃப் ஆடிப் பிழைத்தவன். பாபநாசத்துக்குத் தெற்கே நான்கு மைலில் உள்ள ஊரிலிருந்து பதினேழு வயதில் மெட்ராஸ் போனேன். அங்கே ஒரு கிளப்பில் தோட்டவேலை பார்த்த மாமாவின் தயவில், ஆடுகிறவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாகச் சேர்ந்தேன். ஒன்பது வருடம் கழித்துப் புரொபஷனல் ஆனேன். அதாவது, உறுப்பினர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போட்டிகளிலும் ஆடலாம்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் அந்தப் பிழைப்பு இருக்கிறதா இல்லையா என்று நான் முடிவு செய்தாக வேண்டியிருந்தது.

பெயர் சொல்லாத நோய்

முந்நூறு கெஜம் பந்தை அடிப்பதைப் பார்த்துத்தான் ஜனங்கள் கை தட்டுவார்கள். ஆனால் ஆட்டக்காரனின் சோறு இருப்பது கடைசி நான்கு அடியில். வழவழவென்று வெட்டிய புல்லில், பந்தை உருட்டிக் குழியில் விட வேண்டும். அதற்கென்றே ‘பட்டர்’ என்று ஒரு குட்டை மட்டை உண்டு. நான்கடியிலிருந்து நூறு பந்து உருட்டினால், பிழைப்புக்காக ஆடுகிறவன் தொண்ணூறையாவது விழவைக்க வேண்டும்.

எனக்கு அறுபத்தொன்று விழுந்தது. அதற்கு முந்தைய நாள் ஐம்பத்தெட்டு.

மட்டை பந்தைத் தொடுவதற்கு ஓர் அங்குலம் இருக்கும்போது என் வலது கை தானாக ஒரு துள்ளு துள்ளும். விரலில் எறும்பு கடித்த மாதிரி. தை மாதம் ஓர் ஆட்டத்தில் முதன்முதலாக வந்தது. சித்திரையில் ஒவ்வொரு ஆட்டத்திலும் வந்தது. இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொன்னால் தொற்றிக்கொள்ளும் என்று ஆட்டக்காரர்கள் பயப்படுவார்கள். எங்களுக்குள் ‘அது’ என்றுதான் சொல்வோம். ‘அவனுக்கு அது வந்துடுச்சாம்’ என்றால், அவனோடு சேர்ந்து சாப்பிடக்கூட யோசிப்பார்கள்.

நான் முறையாக வேலை செய்கிறவன். எனவே முறையாக வைத்தியம் செய்தேன். கை எங்கே இருக்கிறது, கட்டைவிரல் எந்தப் பக்கம் பார்க்கிறது, மூச்சை எப்போது விடுகிறேன் என்று எல்லாவற்றையும் கவனித்து எழுதினேன். கவனிக்கக் கவனிக்க எண்ணிக்கை இறங்கியது. நோட்டில் அது அழகாகத் தெரிகிறது. படியில் இறங்குவது போல இருக்கிறது.

பத்து நாள் விடுப்பில் ஊருக்கு வந்தேன். அண்ணி மெழுகிய களத்தில் ஒரு பால்மாவு டின்னைப் புதைத்துக் குழியாக்கிக்கொண்டேன். கோல்ஃப் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். டின் சரியாக நாலு. கால் அங்குலம் சிரமமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சாணம் காய்ந்த தரையில் பந்து கிளப்பில் உருளும் அதே வேகத்தில் உருண்டது ஒன்றுதான் எனக்கு அந்த வாரத்தில் கிடைத்த ஆறுதல்.

ஒரு கடிதம், ஒரு கேள்வி

புதன்கிழமை கிளப் செயலாளரின் கடிதம் வந்தது. ஆகஸ்டில் பெங்களூரில் ஆட்டம். முதல் பன்னிரண்டு இடத்துக்குள் வந்தால், குளிர்காலம் முழுவதும் வடக்கே நடக்கும் போட்டிகளில் எனக்கு இடம் உண்டு. வராவிட்டால் புரொபஷனல் என்ற பெயர் போய், மறுபடியும் பைகளை அடுக்கும் அறைதான். பெயர் கொடுப்பதானால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் தந்தி வர வேண்டும். இல்லையென்றால் என் இடம் வேறொருவருக்குப் போகும்.

அண்ணன் ராமலிங்கம் என்னைவிட எட்டு வயது மூத்தவர். கடிதத்தை நான் தமிழில் சொல்லக் கேட்டார்.

“அப்ப இது சரிப்படாதுங்கிற பயம் உனக்கே இருக்கு.”

“இருக்குண்ணே.”

“இங்கயே இருந்துடேன்டா கோவிந்து.”

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மிராசுதாரின் பத்து மாவை, மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும், அப்பா காலத்திலிருந்து குத்தகைக்குச் செய்துவந்தோம். குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, நிலத்துக்காரர்கள் முந்திக்கொண்டு குத்தகைக்காரர்களை நிலத்திலிருந்து கிளப்பப் பார்த்தார்கள். அண்ணனின் மனு தாசில்தார் ஆபீசில் கிடந்தது. மிராசுதாரின் காரியக்காரர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து, “எஜமான் இந்தப் பசலியோட சொந்த சாகுபடின்னு நெனைக்கிறாங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். காரியக்காரர் என்றால் பண்ணையின் எல்லா வேலையையும் மேல்பார்க்கிறவர். பசலி என்றால் நிலவரிக் கணக்கு வருடம்; அது முடிந்ததும் நிலத்தை மிராசுதாரே எடுத்துக்கொள்வார் என்று அர்த்தம்.

அண்ணனிடம் யோசிக்கிறேன் என்றேன்.

நடவுக்கு முன்னால்

அந்த வருடம் நடவு சுலபமாகத் தொடங்கவில்லை. கூலி உயர்வு கேட்டு விவசாயத் தொழிலாளர்கள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். ஒரு வரப்பில் சிவப்புக் கொடி, இன்னொரு வரப்பில் வெளியூர் ஆட்களோடு லாரி. கோட்டையில் இருந்தவர்கள் ஏழைகளின் பெயரைச் சொல்லித்தான் ஓட்டு வாங்கியிருந்தார்கள். ஆனாலும் ஊருக்கு வந்தது போலீஸ்தான். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டே போனது. கடைசியில் தாலுகா ஆபீசில் வைத்து ஒப்பந்தம் எழுதினார்கள்.

எழுதாத ஒரு நிபந்தனையும் இருந்தது. மிராசுதார், குத்தகைக்கு விடாமல் தானே ஆள் வைத்துச் செய்த நேர்ப்பண்ணை வயல்களில், நடவின்போது பெண்கள் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டார். பேச்சு விட்டால் சங்கத்துப் பேச்சு வந்துவிடுமாம். காரியக்காரர் ஒரு கறுப்புக் குடையோடு வரப்பில் நின்று அதை அமல் செய்தார். மூன்று வார வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வீட்டில் அரிசி இல்லாதவர்களால், இதற்காக மறுபடி வேலையை நிறுத்திவிட்டுக் கரையேற முடியவில்லை.

இரண்டு வயல்கள்

எங்கள் பத்து மாவுக்கும் பண்ணை வயலுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். அந்த வியாழக்கிழமை இரண்டிலும் ஒரே நேரத்தில் நடவு. எங்கள் பக்கம் பன்னிரண்டு பெண்கள். அந்தப் பக்கமும் பன்னிரண்டு. எண்ணினேன். எனக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது.

என் வேலை, நாற்று முடிகளை, அதாவது சிறு கட்டுகளை, சுமந்து வந்து சேற்றில் ஆங்காங்கே வீசுவது. முதல் பத்து நிமிடத்திலேயே நான் கேலிப்பொருள் ஆகிவிட்டேன்.

“மெட்ராஸ் தம்பி, அத கொழந்தய எறக்கி வுடுற மாதிரி வைக்காதீங்க. தூக்கிப் போடுங்க!”

சொன்னவர் பாக்கியம். எங்கள் பக்கத்து நடவாட்களை முன்னால் நின்று நடத்தும் முன்கை அவர்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். சில வருடங்களுக்கு முன்புவரை அவர் எங்கள் தெருக்காரர்களை வேறு மாதிரிதான் கூப்பிட வேண்டியிருந்தது. இப்போது தம்பி என்றார். நான் அக்கா என்றேன். அண்ணன் முதல் தடவை திரும்பிப் பார்த்தார், பிறகு பழகிக்கொண்டார்.

“இவருதான் பந்த உருட்டுற உத்தியோகமா?” என்று இன்னொருத்தி கேட்டாள்.

“ஆமாடி. காலைலேர்ந்து களத்துல ஒத்தையா நின்னு ஒரு டின்னுகூட மல்லுக்கட்டுறாரு. டின்னுதான் செயிக்குது.”

வயல் முழுக்கச் சிரிப்பு. வாய்க்காலுக்கு அப்பாலிருந்து காரியக்காரர் கத்தினார்: “ராமலிங்கம்! உன் வயல்ல சத்தத்தக் கொற. இங்க வேல கெடுது.”

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பாக்கியம் நிமிராமலே பதில் கொடுத்தார்: “நாங்க என்ன வாயாலயா நடுறோம், காரியக்காரரே? கையாலதான் நடுறோம். ஒங்க கொடையக் கொஞ்சம் அவளுங்களுக்குப் புடிங்க, வேல ஓடும்.”

ஒன்பதரை மணிக்குத்தான் நான் அதைக் கவனித்தேன். எங்கள் பக்கம் பாதி வயல் பச்சையாகிவிட்டது. அந்தப் பக்கம் கால்பங்குக்கு மேல் இல்லை. தவிர, நட்ட நாற்று ஆங்காங்கே பிடுங்கிக்கொண்டு மிதந்தது. அவர்களும் பாக்கியத்தின் தெருப் பெண்கள்தான். போன வருடம் எங்கள் வயலில் நட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் கையையே பார்த்துக்கொண்டு, ஒரு குத்து ஊன்றுவதும், சரியாக ஊன்றினோமா என்று பார்ப்பதுமாக இருந்தாள். வேறு எதைப் பார்க்க முடியும், பேச்சும் இல்லாமல்?

நான் கெடுத்த கை

இந்த இடத்தில் நான் ஒரு தவறு செய்தேன். பாக்கியத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு கேட்டேன்: “அக்கா, கயிறு பிடிக்காம, அளக்காம, எல்லாம் ஒரே எடவெளியில விழுதே, எப்படிக்கா? எத்தன வெரலால ஊன்றீங்க? ஒரு தடவ மெதுவா காட்டுங்களேன்.”

“இதுல என்ன தம்பி இருக்கு? இந்தா...”

மெதுவாக ஒரு குத்து ஊன்றினார். விரலைப் பார்த்தார். அடுத்த குத்து சாய்ந்தது. அதற்கடுத்தது ஆழமாகப் போய்விட்டது. மூன்று நாற்று எடுக்க வேண்டிய இடத்தில் ஆறு வந்தது. ஒன்றைத் திரும்பப் பிடுங்கி நட்டார். பின்னால் நகர வேண்டிய கால் நின்றுவிட்டது. மற்றவர்கள் அவரைத் தாண்டிப் பின்னே போய்க்கொண்டிருந்தார்கள்.

“அடச் சீ. எத்தன வெரல்னு யோசிச்சா வெரலே மறந்துபோவுது. என் கையக் கெடுத்துட்டீங்களே தம்பி!”

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தடுமாற்றத்தை நான் அறிவேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தே கால். பத்து இருபத்தெட்டுவரை பாக்கியத்தின் வரிசை கோணலாகவே வந்தது. ஒரு நோயை நாலு வார்த்தையில் இன்னொருவருக்கு ஒட்டிவிட்டேன் என்று பயந்துபோய் வரப்பில் ஏறி நின்றேன்.

அதை முடித்துவைத்தது அவருடைய நாத்தனார் மாரியம்மா.

“கையக் காணும்னு தேடாத. ஒன் கோழி என் வூட்டுல வந்து முட்ட வுடுதே, அத மொதல்ல தேடு.”

“என் கோழி ஏன்டி ஒன் வூட்டுக்கு வருது? நீ தவுடு காட்டி இழுக்குற!”

“நான் இழுக்குறனா? மூணு முட்ட. கேட்டுப் பாரு ஒன் கொழுந்தன.”

“மூணா? அஞ்சு நாளா கோழி வூடு தங்கல. அஞ்சு எங்கடி?”

சண்டை சூடு பிடித்தது. பாக்கியம் இடது கையில் நாற்று முடியோடு தலையை முழுவதுமாக மாரியம்மா பக்கம் திருப்பிக்கொண்டு பேசினார். வலது கை தன் பாட்டுக்கு முடியிலிருந்து மூன்று மூன்றாகப் பிரித்து ஊன்றிக்கொண்டே வந்தது. கால் பின்னால் நகர்ந்தது. ஐந்து முட்டை விவகாரம் முடிவதற்குள் அவர் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிட்டார். நான் அந்த வரிசையை வரப்பிலிருந்து குனிந்து பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி இருந்தது.

‘10.28. பாக்கியம். கோழிச் சண்டை. கை திரும்பியது’ என்று சேற்றுக் கையோடு நோட்டில் எழுதினேன். அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

வாசகர் கேட்ட கேள்வி

மதுரையிலிருந்து ஒரு வாசகர், ஆட்டத்தின்போது மனதை எப்படி ஒருமுகப்படுத்தினீர்கள், தியானம் உண்டா என்று கேட்டிருக்கிறார். பலரும் கேட்கிற கேள்விதான்.

பழக்கங்கள் எனக்கு உண்டு. தினமும் ஒரே நேரத்தில் எழுவேன். ஆட்டத்துக்கு முன் வயிறு முட்டச் சாப்பிட மாட்டேன். மட்டையின் பிடியை முந்தைய மாலையே துடைத்துவைப்பேன். பந்துக்குப் பின்னால் நின்று பாதையை ஒரு தடவை பார்ப்பேன். இரண்டாம் தடவை பார்க்க மாட்டேன். கெட்டுப்போன அடியைப் பற்றி அடுத்த பந்துக்கு நடந்து போகும் வரைக்கும் நினைக்கலாம், போய்ச் சேர்ந்த பிறகு கூடாது. இவையெல்லாம் பாதை போட்டுத் தரும். கடைசி அங்குலத்தில் கையைத் தனியாக விட வேண்டும். அங்கே மனம் போய் நின்று பார்த்தால் கை கூச்சப்படுகிறது.

பிற்காலத்தில் நான் கேடிகளைச் சேர்க்கும்போது, தூரம் கணிக்கத் தெரியுமா என்பதைவிட, வாய்ச்சண்டை வருமா என்றுதான் பார்த்தேன். என்னோடு பதினோரு வருடம் பை சுமந்தவர், நான் மட்டையை இழுக்கும் கணத்தில்கூட சாம்பாரில் முருங்கைக்காய் போடலாமா கூடாதா என்று தர்க்கம் செய்வார். கூட ஆடிய கனவான்கள் முகம் சுளித்தார்கள். அடுத்தவர் அடிக்கும்போது பேசக்கூடாது என்பதுதான் ஆட்டத்தின் மரியாதை. நான் அடிக்கும்போது எனக்கு முன்னால் பேசக்கூடாது என்று யாரும் விதி எழுதவில்லை.

களத்தில் அண்ணன்

அன்று மூன்றரை மணிக்கு நடவு முடிந்தது. கால் கழுவிவிட்டு நேரே களத்துக்குப் போனேன். பதினோரு பந்து போட்டேன். ஐந்து விழுந்தது. எனக்கு நானே பேசிப் பார்த்தேன். பலிக்கவில்லை, அடுத்து என்ன பேசுவது என்று யோசிக்கிற இடத்தில் கை துள்ளியது.

மாட்டுக்கு வைக்கோல் எடுக்க அண்ணன் வந்தார்.

“அண்ணே, கொஞ்ச நேரம் இங்க உக்காந்து பேசுங்க.”

“என்ன பேச?”

“எதாவது. சண்ட போடுங்க.”

“ஒங்கிட்ட சண்ட போட எனக்கு என்னடா இருக்கு?” என்று டின்னுக்குப் பக்கத்தில் குந்தினார். விழுந்த பந்தை எடுத்து என் பக்கம் உருட்டினார். நான் அடித்தேன். விலகிப் போனது. இன்னொன்று உருட்டினார்.

பிறகு, யோசித்துப் பார்த்ததில் அவருக்குச் சண்டை போட இருந்தது.

“அப்பா காரியத்துக்கு வந்தியே. எத்தன நாள் இருந்தே?”

“பதினாறாம் நாள் முடிச்சிட்டுத்தான் போனேன்.”

“பதினேழாம் நாள் விடியறதுக்குள்ள போயிட்டே. அன்னிக்கு ஏர் பூட்டணும், நான் ஒத்த ஆளு, ஒனக்குத் தெரியும்.”

“ஆட்டம் இருந்துச்சுண்ணே.”

“ஆட்டம் எப்பத்தான்டா இல்ல?”

பந்து டின்னில் விழுந்தது. அவர் எடுத்து உருட்டினார்.

“காரியக்காரன் கேக்குறான், ‘உன் தம்பி பட்டணத்துல கோலி வெளையாடுறானாமே’ன்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கோலி இல்ல, அதவிடப் பெருசுன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?”

விழுந்தது.

“ஒத்த ஆளுன்னுதான்டா என்னப் பாக்குறானுவ. ரெண்டு ஆம்பள நிக்கிற வூட்ட அவ்வளவு லேசுல கெளப்ப முடியாது. நீ தாசில்தார் முன்னாடி வந்து நில்லு. நாங்க ரெண்டு பேரும் சாகுபடின்னு சொல்லு. வேறெதுவும் நான் கேக்கல.”

“எத்தன நாளைக்கு?”

“ரெண்டு போகம்.”

“ரெண்டு போகம் நான் இங்க நின்னா, அங்க என் எடம் போயிடும்ணே.”

“இங்க போனா?”

இரண்டு பேர் குரலும் உயர்ந்தது. பழைய விஷயங்கள் எல்லாம் வந்தன. அண்ணியின் பிரசவத்துக்கு நான் வராதது, நான் அனுப்பாத கடிதங்கள், அவர் எனக்கு எழுதாத பதில்கள். நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். கை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது.

ஒரு கட்டத்தில் அண்ணன் பந்தை உருட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“எத்தன போட்டிருக்கே, தெரியுமா?”

என் வாழ்க்கையில் அந்தக் கேள்விக்கு முதல் தடவையாக, “எண்ணலண்ணே” என்றேன்.

“நான் எண்ணுனேன். கடைசியா முப்பத்தெட்டு. ஒண்ணுகூட வெளிய போவல.”

இரண்டு பேரும் டின்னைப் பார்த்தோம்.

“நான் உன்ன இருடான்னு சொல்லச் சொல்ல, நீ போறதுக்கு ஒன் கை தயாராயிடுச்சு” என்றார். குரலில் கோபம் இல்லை. பந்தைத் தரையில் வைத்துவிட்டு, வேட்டியைத் தட்டிக்கொண்டு, வைக்கோலை எடுத்துக்கொண்டு போனார்.

பெங்களூரில் நான் ஒன்பதாவதாக வந்தேன். வடக்கே அந்தக் குளிர்காலமும், அதற்குப் பிறகு பதினெட்டுக் குளிர்காலங்களும் ஆடினேன். அண்ணன் பத்து மாவை மேற்கொண்டு இரண்டு போகம் வைத்திருந்தார். மூன்றாவதற்கு முன்னால், தானாகவே விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அன்று நான் டெல்லியில் இருந்தேன். அந்தத் தேதி என் நோட்டில் இருக்கிறது. நாலடி, தொண்ணூற்று நான்கு.

மறுநாள்

வெள்ளிக்கிழமை 4.50க்கு எழுந்தேன். அண்ணன் அதற்கு முன்பே எழுந்து சைக்கிளுக்குக் காற்றடித்து வாசலில் நிறுத்தியிருந்தார். ஆளைக் காணவில்லை, வயலுக்குப் போய்விட்டார் என்று அண்ணி சொன்னார். நேரே பாபநாசம் போய், தபால் ஆபீஸ் திறக்கும்வரை வெளியே நின்று, முதல் ஆளாகத் தந்திப் படிவம் வாங்கினேன். வருகிறேன் என்று எழுதினேன். அனுப்புபவர் விலாசம் என்ற இடத்தில் அண்ணன் வீட்டு விலாசத்தை எழுதினேன். பிறகு அதை ஒரே கோடாக அடித்துவிட்டு, மெட்ராஸ் கிளப்பின் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன்.